பதினாலாம் நாள்

"ஊசி போட்ட எலிக்கும் கரு கலையுது, போடாத எலிக்கும் கலையுது!" கண்ணாடி வளையல்கள் குலுங்க நோட்டை மேசையில் அறைந்தாள் டாக்டர் பங்கஜம்.

ஊசி போட்டு ஒரு என்சைமை அடக்கினால் எலிக்குக் கரு தங்குமா? வேலூர் ஆய்வகத்தில் 1979 முழுக்க இதே பாடு. இரண்டு வரிசைக் கூண்டுகளிலும் ஒரே முடிவு.

"ஏம்மா தனபாக்கியம், கூண்டு எதையாவது மாத்தினியா?"

"மாசமா இருக்கறத மட்டுந்தான் டாக்டரம்மா," என்றாள், எலிகளுக்குத் தீனி வைக்கும் தனபாக்கியம். "பதினாலு நாள்னா அதுங்களுக்கு ஏழாம் மாசமாச்சே. எந்த வரிசையா இருந்தா இன்னா, அததோட அம்மா கூண்டுல கொண்டுபோய் விட்டுட்டேன்."

ஊசி போட்டதும் போடாததும் இரண்டு வரிசையிலும் கலந்துபோனது பங்கஜத்துக்கு அப்போதுதான் புரிந்தது. "யாரைக் கேட்டு அனுப்பினே?"

"இதுக்கு இன்னாத்த கேக்கறது? உங்களுக்கே வளைகாப்பு முடிஞ்சு பத்து நாளாச்சு. நீங்க எப்பம்மா கெளம்பறீங்க?"