ஊமைப் படத்தில் ஒரு வசவு

சினிமா ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை வழியே லண்டன் புறநகரின் ஆகஸ்ட் வெயில் அட்டைக் கல்லறையின் மேல் கொட்டுகிறது. அதனருகே படுத்திருக்கிறாள் ஃப்ளாஸி, ஊரெங்கும் சுவரொட்டிகளில் இருக்கும் நட்சத்திர நாய். கதைப்படி, செத்துப்போன எஜமானுக்காக அவள் துக்கப்பட வேண்டும். வாலோ தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அவளை வளர்த்த பிளம்ப் காமிராவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாரே, அந்தச் சந்தோஷம்.

"யோவ் பிளம்ப், இது சாவு வீடுய்யா! உன் வித்தையைக் காட்டு," என்று தகரக் குழாயில் கத்துகிறார் டைரக்டர் கிரிம்ஷா. படத்தில் குரல் விழப்போவதில்லை. காமிராவின் கைப்பிடி கடகடவென்று சுழலத் தொடங்கியதும் பிளம்ப் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "சீ! என்ன காரியம் பண்ணிட்டே ஃப்ளாஸி? வெக்கமா இல்ல உனக்கு?" வால் நின்றுவிடுகிறது. காதுகள் மடிகின்றன. எதைத் திருடினோம், எதை உடைத்தோம் என்று தேடுவதுபோல் கண்கள் அலைந்து, கடைசியில் தலை மண்ணில் சாய்கிறது. நடிப்பவர்களின் மனம் கனிய வயலின் வாசிக்கும் பெண் மூக்கை உறிஞ்சுகிறாள்.

"பிரமாதம்! போதும்!"

எல்லோரும் கைதட்டுகிறார்கள். "ஒண்ணுமில்லடி, வா," என்று பிளம்ப் பிஸ்கட்டை நீட்டுகிறார். ஃப்ளாஸி அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வயிறு தரையில் உரச ஊர்ந்து வந்து அவருடைய ஷூவை நக்குகிறாள், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு. பிளம்ப்பின் முகம் காதுவரை சிவக்கிறது.

"இன்னொரு தடவை எடுத்துடலாம்யா. கொஞ்சம் உரக்கவே திட்டு," என்கிறார் கிரிம்ஷா.

அவளைத் தூக்கிக் கல்லறையருகே விட்டுவிட்டு வந்து, பிளம்ப் தொண்டையைச் செருமுகிறார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அந்தத் தலை தாழ்ந்துவிடுகிறது.