நிறுத்தும் விழா

"கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் காட்டினானாம்!" என்று அமைச்சர் கோட்டைச்சாமி சபையில் சொன்னபோது மேசைகள் அதிர்ந்தன. விண்வெளி ஆய்வுக்கு நிதியைக் குறைக்கலாமா என்று நாள்கணக்கில் நடந்த விவாதம் அந்த ஒரு வரியோடு முடிந்துபோனது. அதனால் கடைசிக் கோளையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்த கலத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்த அவரையே அழைத்திருந்தார்கள். காலையிலேயே பந்தல், மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். பாலம், தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு என்று அவர் அழுத்தித் திறக்காதது எதுவுமில்லை. அழுத்தினால் ஏதாவது எரியும், இல்லாவிட்டால் ஓடும். இதையும் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"நின்னுடுச்சாம்மா?"

"இல்லைங்க சார். கட்டளை போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிடும்" என்றார் பக்கத்தில் நின்ற விஞ்ஞானி பியூலா. "அதுவரைக்கும் அது படம் எடுத்து அனுப்பிக்கிட்டுதான் இருக்கும்."

"அதையெல்லாம் யாரு வாங்கிக்குவா?"

"யாருமில்ல சார். ஆன்டெனாவை மத்தியானமே நிறுத்தச் சொல்லி நீங்கதான் உத்தரவு போட்டிருக்கீங்க."

"அப்ப அது நின்னுடுச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"அதுகிட்டேருந்து எதுவும் வராது சார்."

"நிக்கலைன்னா?"

"அப்பவும் வராது."

கோட்டைச்சாமி பந்தலின் கிழிசல் வழியே அண்ணாந்து பார்த்தார். வெறும் நீலம். பொத்தான்மேல் வைத்த விரல் அங்கேயே இருந்தது. அவர் அதை எடுத்ததும் கைதட்டலாம் என்று கூட்டம் காத்திருந்தது.