பத்தொன்பது நாள் இருட்டு

டோல்கேட் கடைத்தெருவில் வெயில் பிளக்கிறது. சௌக்கத் அலியின் தையல் கடைக்குள் மட்டும் இருட்டு. கடையைக் காலிசெய்ய வைக்கக் கட்டிட ஓனர் பிடுங்கிப்போன ஃபியூஸ் கட்டை, சௌக்கத்தின் மகள் நவ்ரீன் வாங்கிய கோர்ட் உத்தரவால் பத்தொன்பதாம் நாள் அந்த ஓனர் கையிலேயே திரும்பி வந்திருக்கிறது. பழக்கத்தில் அவருக்கு ஸ்டூல் இழுத்துப்போட எழும் அத்தாவைத் தோளில் அழுத்தி உட்காரவைக்கிறாள் நவ்ரீன். “கோர்ட்டுக்கு இன்னாத்துக்கும்மா போன? பேசித் தீத்துகினு இருக்கலாமே,” என்கிறார் ஓனர். “பேசத்தான் மூணுவாட்டி உன் வூட்டாண்ட வந்தோம் நைனா. கதவத் தொறந்தியா? மொதல்ல மாட்டு.” அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டுகிறார். டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரிகிறது. பட்டன் டப்பாக்கள் பளபளக்கின்றன. பஞ்சுத்தூசியை உதிர்த்தபடி மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்குகிறது. இத்தனை நாளில் ஒருநாள்கூட அதன் ஸ்விட்சை அத்தா அணைக்கவில்லை.