பூப்போட்ட பக்கம்

"நான் அழுத்தக்கூட இல்லண்ணே. துணிதான் பட்டுச்சு."

துப்புரவுக்காரியின் உள்ளங்கையில் ஓட்டுத்துண்டு ஒன்று இருந்தது. அதில் பாதிப் பூ. மீதிப் பூ, திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள், வயிற்றில் ஓட்டையோடு நின்ற பெரிய ஜாடியில் இருந்தது.

அருங்காட்சியகக் காவலாளி எட்டிப் பார்த்தார். "போச்சு. ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா கிடந்துச்சு. உன் கையில வந்துதான் உடையணுமா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலையை நிரந்தரமாக்கப் போகிறோம் என்று நேற்றுதான் சொன்னார்கள். அது ஒரு பக்கம். ஜன்னலுக்கு வெளியே கூரையில்லாமல் கிடக்கும் அந்தப் பழைய நகரத்தில் யாரோ ஒருத்தி தண்ணீர் மொண்ட ஜாடி இது. துடைக்கும்போதெல்லாம், அயலார் அடுப்படிக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டதுபோல் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

வருகிறவர்களிடம் காப்பாட்சியர் மேடம் முதலில் சொல்வதும் இதைப் பற்றித்தான். "தோண்டினப்போ அடுப்படி மூலையில நின்னுச்சு. இவ்வளவு அழகா பூப்போட்ட பக்கத்தைப் போய், சுவரைப் பாக்க வச்சிருந்தாங்க. ஏதோ வழிபாடுன்னு சிலர் எழுதியிருக்காங்க. எனக்கு இன்னும் பிடிபடலை."

"அழுதா ஒட்டிக்குமா? தள்ளு." காவலாளி மேசையிலிருந்து பசையை எடுத்து வந்தார். துண்டின் ஓரத்தில் தடவி, ஓட்டையில் பதித்தார். பிறகு ஜாடியை அலுங்காமல் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"வேணாம்ணே. சொல்லிடலாம்."

"சொன்னா நாளைக்கு வேற ஆளு வந்து துடைக்கும். வாயை மூடிட்டு நில்லு."

பின்னால் செருப்புச் சத்தம். மேடம்தான்.

"ஜாடியை யார் திருப்பினது?"

காவலாளி உத்தரத்தைப் பார்த்தார்.

"உடைச்சது நான்தான் மேடம்," என்றாள் அவள். "துணி பட்டதும் துண்டு கையோட வந்துடுச்சு."

மேடம் திட்டவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, ஈரம் காயாத துண்டை மெல்லப் பெயர்த்தெடுத்தார். அதன் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க என்ன பசை போட்டீங்க?"

"அந்த வெள்ளைப் பசைதான் மேடம்," என்றார் காவலாளி.

"அப்ப இந்தக் கறுப்பு?"

மேடம் லென்ஸை அவளிடம் நீட்டினார். வெள்ளைப் பசைக்கு அடியில், கல்லாய் இறுகிப்போன கறுப்புப் பிசின். அதில் யாருடையதோ ஒரு விரல்ரேகை.

"சுவர்ப் பக்கமா எதுக்குத் திருப்பினீங்க?" என்று கேட்டார் மேடம்.

"ஒட்டினது யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான் மேடம்..." என்றார் காவலாளி.

மேடம் ஜன்னல் வழியே அந்தக் கூரையில்லாத வீடுகளைப் பார்த்தார்.

"உடைச்சது நீ இல்லம்மா. அந்த வீட்டுல இருந்த ஒருத்தி. அவளுக்கும் இதே மாதிரி ஒரு அண்ணன் இருந்திருக்காரு."