வாங்குவது யார்?

பெண்கள் ஒருத்திகூட வரவில்லை.

ஊர்க்கவுண்டர் அங்கப்பன் வீட்டு வாசலில் ஆண்கள் மட்டும் கூடியிருந்தார்கள். நடுவில், தார்ப்பாய் போர்த்திய மிஷினுக்குப் பக்கத்தில் பார்வதி நின்றாள். ஏற்காட்டு மலையில் செம்மநத்தத்தைத் தாண்டி இருக்கும் இந்தச் சிற்றூரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் அவள்தான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த மிஷின் சாமையின் உமியை நீக்கும். அரிசி நொறுங்காமல் நீக்கும். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் அவள் உயிரை விட்டது இதற்காகத்தான். இதைச் செய்து விற்கக் கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்று, தேடி வந்த லெக்சரர் வேலையையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஆராய்ச்சியை நம்பிப் பணம் போடுகிறவர்கள் எண்பத்தெட்டில் எத்தனை பேர்? அப்படி ஒரு நிறுவனத்து அதிகாரி தேவசிகாமணி, மெட்ராஸிலிருந்து வந்து ஏற்காட்டில் தங்கி, காலையிலேயே ஜீப் பிடித்து வந்திருந்தார். இறங்கியதும் கையை விரித்து மூச்சை இழுத்தார்.

"என்ன அமைதி! எங்க தெருவுல விடிஞ்சா ஒரே இரைச்சல். இங்க ஒரு சத்தம் இல்லை பாருங்க."

பார்வதி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் கூட்டத்தின் மேல் இருந்தது.

"மிஷின் ஓடும்னு உங்க புரொபசர் எழுதியிருக்கார். நம்பறேன்" என்றார் அவர். "ஆனா வாங்கறது யாரு? அதை மட்டும் எனக்குக் காட்டுங்க." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏங்க, இந்த மிஷின் உங்களுக்கு வேணுமா?"

"எதுக்குங்க?" என்றார் அங்கப்பன். "பொம்பளைங்க குத்திக் குடுத்தர்றாங்க. சும்மா நடக்கற வேலைக்கு மிஷினு எதுக்குங்க சார்?"

"அந்த வேலையும் இல்லைன்னா ஊடு ஊடாப் போயி ஊர்க்கதை பேசுவாளுங்க" என்றான் மாதப்பன். கூட்டம் சிரித்தது.

பார்வதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனுங்க பெரியப்பா, குத்தறது நீங்களா? விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு உலக்கையத் தூக்கறது நீங்களா?"

"பாத்தீங்களா சார், படிச்ச புள்ளை பேச்சை?" என்றார் அங்கப்பன்.

"சரிங்க, ஒரு படி சாமை குடுங்க. ஓட்டிக் காட்டறேன். புடிக்கலைன்னா நானே மலையை விட்டு எறக்கிட்டுப் போயர்றேன்."

ஒருவரும் அசையவில்லை. மாதப்பன் மேலே மரத்தில் ஏதோ பறவையைத் தேடினான்.

முந்தின சாயங்காலம் அவள் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். கூட்டத்துக்கு வந்து 'வேணும்' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கெஞ்சினாள். கேட்டுக்கொண்டு நின்றார்கள். அங்கப்பனின் மனைவி குப்பாயி மட்டும், காய்த்துப்போன உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, "ஆம்பளைங்க கூட்டத்துல நாங்க வந்து என்ன கண்ணு பேசறது?" என்றாள்.

அதை நினைக்க நினைக்கப் பார்வதிக்கு ஆண்களைவிடப் பெண்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. இவர்களுக்காகவா நாலு வருடம்?

தேவசிகாமணி ஃபைலை மூடினார். "வருத்தமாத்தாம்மா இருக்கு. வேணும்னு ஒரு ஆள்கூடச் சொல்லலையே. நான் என்னன்னு எழுதறது?"

மிஷின் இனி பல்கலைக்கழக ஷெட்டில் துருப்பிடிக்கும். இந்த ஊரில் நாளைக்கும் உலக்கை விழும். பார்வதி தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

ஜெயித்துவிட்ட அங்கப்பனுக்குத் தாராளம் வந்துவிட்டது. "சாப்புடாமப் போகக் கூடாதுங்க சார். விருந்தாளிய வெறும் வயித்தோட அனுப்புனா எங்க ஊருக்கே அசிங்கமுங்க. கையில குத்துன சாமைச் சோறு தின்னு பாருங்க. அப்பறம் மிஷின் பேச்சையே எடுக்க மாட்டீங்க."

வாசலிலேயே பாய் விரித்தார்கள். இலை போட்டார்கள். தண்ணீர் வந்தது, அவரைக்காய்க் குழம்பு வந்தது. சோறு வரவில்லை.

"ஏ குப்பாயி! சோறு எங்க?"

குப்பாயி வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு கூடை இருந்தது.

"சோறு இல்லைங்க."

"இல்லையா?"

"இன்னிக்குச் சாமை குத்தலைங்க."

அங்கப்பன் அதிகாரியைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "கண்ணாயி ஊட்டுல ரண்டு படி வாங்கியாந்து ஆக்கறதுக்கென்ன?" என்றார்.

"அவளும் குத்தலைங்க. ஊருல ஒருத்தியும் குத்தலைங்க."

மாதப்பன் விருட்டென்று எழுந்து தன் வீட்டுப் பக்கம் திரும்பினான். அந்த வழியாகத்தான் அவன் மனைவி கண்ணாயி வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள் வரிசையாக. எல்லார் இடுப்பிலும் கூடை.

தேவசிகாமணி இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஃபைலை மறுபடி எடுத்தார்.

குப்பாயி கூடையைப் பார்வதியின் காலடியில் இறக்கினாள். உமி நீக்காத சாமை, விளிம்பு வரைக்கும். புருஷன் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"உலை கொதிக்குது கண்ணு. மிஷினைப் போடு."