இறுதி ஆட்டம் முடியட்டும்

“உள்ள போயி எதையும் கெடுத்துடாத, செசிலியா. இறுதி ஆட்டம் முடியட்டும்னு யூனிவர்சிட்டியே...”

“யூனிவர்சிட்டி சொல்லும். பையன் திடல்ல ஓடிக்கிட்டு இருக்கான், பொண்ணு கிளாசுக்குக்கூடப் போகாம ரூம்ல அடைஞ்சு கிடக்குது.”

“விசாரணைன்னு போனா பேரு வெளிய வரும். நாளைக்கு யாரு நம்ம வீட்டுல சம்பந்தம் பண்ணுவாங்க?”

“பண்ண வேணாம் லா. நீங்க காருலயே இருங்க.”

கணவர் அமலதாஸ் காரிலேயே இருந்துவிட்டார். யோங் பெங்கிலிருந்து வழியெல்லாம் இதே பேச்சு. செசிலியாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஹாக்கி ஆட்டக்காரன் மேல் வந்த பாலியல் புகார் விஷயம் என்றதுமே, மாணவர் நலப் பிரிவின் ஷாமளா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உட்காருங்க ஆண்ட்டி. இன்னைக்கு வருவீங்கன்னு சொன்னாங்க. உங்க மகளுக்கு வேணும்னா ஒரு செமஸ்டர் லீவு தரோம்.”

“அந்தப் பிள்ளைக்கு எதுக்கு லீவு? விசாரணை முடியற வரைக்கும் அவனை ஆட்டத்துலேர்ந்து நிறுத்துங்க.”

“பிரையன் இல்லாம கோப்பை கிடைக்காது ஆண்ட்டி. அப்புறம் கண்டிப்பா விசாரிப்போம்.”

“நான் நேத்தே அவன்கிட்ட கேட்டுட்டேன். ஒண்ணும் நடக்கலன்னு தரையைப் பார்த்துச் சொல்றான்.”

ஷாமளா பதறிப்போனாள். “அவன்கிட்ட நீங்க போய்ப் பேசக் கூடாது ஆண்ட்டி. அவனுக்கும் எதிர்காலம் இருக்கு. நீங்க இப்படிக் கேக்கறது தெரிஞ்சா அவனைப் பெத்தவங்க என்ன பாடுபடுவாங்க, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

செசிலியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்மா. பிரையனைப் பெத்தவ நான்தான்.”