பத்து வரை எண்ணும் வளைவு

தியாகலிங்கம் பதுளையில் கடை வைத்திருந்தபோது மலைப்பாதையில் கார் ஓடப் பழகியவர். கடையை விற்றதும், இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, தன் ஒஸ்ரின் காரை நெடுந்தீவுக்குக் கொண்டுவந்தார். 1961இல் அவருடைய ஊர்ப்பக்கம் ஓடிய ஒரே கார் அதுதான். ஆனாலும் கல்மதில் வளைவுகளில் எல்லாம் நிறுத்துவார், ஹோண் அடிப்பார், பத்து வரை எண்ணுவார், பிறகு இடப்பக்கம் ஒதுங்கித் திரும்புவார்.

வெள்ளிக்கிழமைகளில் அவரோடு துறைக்கு வரும் சறோஜினிதேவி ரீச்சருக்கு இது பொறுக்காது.

"அண்ணை, வள்ளம் போகப்போகுது. எதிரில வர இஞ்ச வேற கார் ஏது?"

"வளைவெண்டா வளைவுதான், ரீச்சர்."

ஒரு வெள்ளி, மழை விட்ட கையோடு புறப்பட்டார்கள். கடைசி வளைவில் ஹோண் அடித்து, பத்து எண்ணித் திரும்பினார்கள். எதிரில் ஒன்றுமில்லை. ஆனால் ஈரமண்ணில், வலப்பக்க மதிலோடு ஒட்டி, இன்னொரு காரின் ரயர் தடம் கிடந்தது. தடத்துக்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. ரீச்சர் திரும்பிப் பார்த்தார். அவர்கள் காத்து நின்ற இடத்தையும் தாண்டி அது போயிருந்தது.

"பாத்தியளே, எவ்வளவு ஒதுங்கிப் போயிருக்கிறார்! நல்ல றைவர்," என்றார் தியாகலிங்கம்.

அடுத்த வெள்ளி நல்ல வெயில். நேரம் பிந்திவிட்டதால் அந்த வளைவை நிறுத்தாமல் எடுக்கப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ரீச்சர் எட்டி ஹோணை அழுத்தினார்.

"நில்லுங்கோ அண்ணை! வள்ளம் போனாப் போகட்டும். முதல்ல அவர் போகட்டும்."

ரீச்சரே எண்ணினார். எட்டில் முன்கண்ணாடியில் சேறு தெறித்தது. தியாகலிங்கம் சந்தோஷமாக வைப்பரைப் போட்டார்.